மலையில் டென்ட் அடித்துத் தங்கினால் என்னதான் கிடைக்கும்? என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் இருக்கிறோம். வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை கொடைக்கானல் மேல்மலைப் பக்கம், பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் என்று எங்காவது ஒரு தோட்டத்தில் டென்ட் அடித்து இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வருவது எங்கள் வீட்டில் ஏழெட்டு வருஷப் பழக்கம். ஆபீஸிலும் சொந்தக்காரர்களிடமும் ஒரே கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

வீட்டில் மெத்தை இருக்கும்போது குளிரில் தரையில் போய்ப் படுக்க வேண்டுமா?

இது என் மாமியாரின் கேள்வி. "குளிருல நடுங்கறதுக்குக் காசும் குடுத்து, லீவும் போட்டு..." என்று ஆரம்பிப்பார். அவருடைய அப்பா வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறி, ஒரு போர்வையும் தூக்குச்சட்டியுமாகப் பாறை மேல் படுத்துவிட்டு வந்தவர்தான். வெள்ளியங்கிரிக்குப் போகிற ஆட்கள் ராத்திரியெல்லாம் மலையில்தான் கிடக்கிறார்கள். அதற்குப் பெயர் பக்தி, நான் போனால் வெட்டிச் செலவு!

சரி, என்ன கிடைக்கிறது? தூக்கம், பசி, கொஞ்சம் உடல் உழைப்பு, மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு சத்தம் நிற்பது, கூட வந்தவர்களோடு பேச நேரம். இவ்வளவுதான். "வாழ்க்கையே மாறிவிட்டது" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் டென்ட் வாடகைக்கு விடுபவர்கள்.

தூக்கம் நன்றாக வருமா?

வரும், ஆனால் முதல் ராத்திரி வராது. இதை யாரும் முன்கூட்டியே சொல்லாததால்தான் பாதிப் பேர் ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

புது இடத்தில் தூக்கம் பிடிக்கவில்லை என்று நாம் சும்மா சொல்வதில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் 2016இல் பார்த்தபோது, பழகாத இடத்தில் படுத்த முதல் இரவில் மூளையின் ஒரு பாதி மற்றப் பாதி அளவுக்கு ஆழ்ந்து தூங்காமல் சத்தங்களுக்குக் காது கொடுத்துக்கொண்டே இருந்தது. அது ஆய்வுக்கூடத்துக் கட்டிலில் செய்த சோதனை. டென்ட் துணி காற்றில் படபடக்கிற இடத்தில் கேட்கவே வேண்டாம். எனக்கு இன்றைக்கும் முதல் ராத்திரி ஒன்றரை மணி, மூன்று மணி என்று முழிப்பு வந்துகொண்டேதான் இருக்கும்.

இரண்டாம் ராத்திரி கதையே வேறு. ஏழரை மணிக்குச் சாப்பிட்டுவிட்டு எட்டரைக்கெல்லாம் கொட்டாவி வருகிறது, வீட்டில் பன்னிரண்டு மணி வரைக்கும் போனைத் தடவிக்கொண்டிருக்கிற அதே ஆளுக்கு. கொலராடோ பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2013இல் 8 பேரை ராக்கி மலைத்தொடருக்கு ஒரு வாரம் கூட்டிப்போனார்கள். போனும் கிடையாது, டார்ச்சும் கிடையாது, பகலில் சூரியன், ராத்திரியில் கேம்ப் நெருப்பு, அவ்வளவுதான் வெளிச்சம். தூக்கத்துக்கு உடம்பைத் தயார் செய்கிற மெலட்டோனின் சுரக்கத் தொடங்கும் நேரம் சுமார் 2 மணி நேரம் முன்னால் வந்துவிட்டது. அதே குழு 2017இல் வெளியிட்ட இன்னொரு சோதனையில், ஒரு வார இறுதி மட்டும் வெளியே தங்கியவர்களுக்கே அந்த நேரம் 1.4 மணி நேரம் முன்னால் நகர்ந்திருந்தது. ஆட்கள் எண்ணிக்கை குறைவுதான், ஆனால் காரணம் எளிதாகப் புரிகிறது: பகலில் நிறைய வெளிச்சம், ராத்திரியில் உண்மையான இருட்டு. நம் வீடுகளில் இரண்டுமே தலைகீழ்.

அதற்கு மலை எதற்கு, ஊர்ப்பக்கம் ஒரு வயல்வெளி போதாதா?

நியாயமான கேள்வி. இருட்டு மட்டும்தான் வேண்டுமென்றால் வயலே போதும். மலை கூடுதலாகத் தருவது குளிர். ஏறும் ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. மேல்மலைக் கிராமங்கள் ஏறக்குறைய 2000 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன, அதனால் மதுரை வெயிலிலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரி கழித்துக்கொள்ளலாம். தூங்குவதற்கு உடம்பு தன் சூட்டைக் கொஞ்சம் இறக்கியாக வேண்டும். சித்திரை மாதம் மதுரையில் ஃபேனுக்கு அடியில் அது லேசில் நடப்பதில்லை, இங்கே தானாக நடக்கிறது.

குறிஞ்சித் திணைக்குப் பொழுது யாமம் என்றும், பருவம் கூதிரும் முன்பனியும் என்றும் பள்ளியில் மனப்பாடம் செய்தோம், ஏன் என்று யாரும் சொல்லித்தரவில்லை. மார்கழி ராத்திரி பதினொன்றரைக்கு மன்னவனூரில் டென்டை விட்டு வெளியே வந்து நின்றபோதுதான், மலைக்கு வேறு எந்தப் பொழுதை வைத்திருக்க முடியும் என்று தோன்றியது.

ஒரு ராத்திரி போதாதா? சனிக்கிழமை போய் ஞாயிறு திரும்பிவிடலாமே?

போகலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சனிக்கிழமை காலை கிளம்பி வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதை வளைவுகளில் வாந்தியெடுத்து, கொடைக்கானல் டிராபிக்கில் மாட்டி, மேல்மலை சேரும்போது மாலை நான்காகிவிடும். டென்ட் அடிப்பதற்குள் இருட்டு. முதல் ராத்திரி மேலே சொன்ன அரைத் தூக்கம். ஞாயிறு காலை ஒரு போட்டோ, மறுபடி வண்டி. திங்கட்கிழமை ஆபீஸுக்கு முன்னைவிட அசதியாகத்தான் போவீர்கள், போய்விட்டு "கேம்பிங்லாம் சும்மா" என்றும் சொல்வீர்கள்.

எனக்குக் கிடைத்த நல்லது எல்லாமே இரண்டாம் நாள் காலைக்கு மேல்தான் கிடைத்தது. அதனால் யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: வருஷத்துக்கு நாலு தடவை ஒரு ராத்திரி போவதற்குப் பதில், இரண்டு தடவை போய் இரண்டிரண்டு ராத்திரி இருங்கள்.

மனசுக்கு நல்லது என்கிறார்களே, நிஜமா?

2015இல் ஸ்டான்ஃபோர்டில் 38 பேரைப் பாதியாகப் பிரித்து ஒரு பாதியைப் புல்வெளியும் மரமும் உள்ள இடத்திலும் இன்னொரு பாதியை வண்டிகள் பறக்கும் சாலையோரத்திலும் 90 நிமிடம் நடக்க விட்டார்கள். ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப அசைபோடுவது முதல் கூட்டத்துக்குக் குறைந்தது, அதோடு தொடர்புள்ள மூளைப் பகுதியின் இயக்கமும் குறைந்தது. சாலையோரம் நடந்தவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை.

என் அனுபவத்தில் இது கொஞ்சம் வேறு மாதிரி நடக்கிறது. சில வருஷம் முன்பு வேலை பார்க்கிற இடத்தில் ஒருவரோடு பெரிய மனஸ்தாபம், யார் யார் என்ன சொன்னார்கள் என்று படுத்தாலும் எழுந்தாலும் அதே சினிமாதான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதோடேயே பூம்பாறைக்குப் போனேன். முதல் நாள் மலை, பூண்டு வயல், மேகம் எதுவும் கண்ணில் படவில்லை, அங்கேயும் அந்தச் சினிமாதான். மறுநாள் காலை ஸ்டவ் பற்றவில்லை. குடத்தில் தண்ணீர் இல்லை, ஊற்றுக்குப் போய்த் தூக்கி வர வேண்டும். பனியில் நனைந்த பாத்திரங்களைக் கழுவ வேண்டும், மகளுக்குப் பசி. ஒன்று முடிந்தால் ஒன்று. பத்து மணிக்குக் கையில் சுக்குக் காப்பியோடு உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன், எழுந்ததிலிருந்து அந்த மனுஷனை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. மலை என் மனசை லேசாக்கியது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், கைக்குச் சின்னச் சின்ன வேலை கொடுத்தது, அவ்வளவுதான். அதனால்தான் எல்லாம் தயாராகச் சமைத்து டென்ட் வாசலில் வந்து பரிமாறுகிற ஆடம்பரக் கூடாரங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது துணிச்சுவர் போட்ட லாட்ஜ்.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மாதக்கணக்கில் மனச்சோர்வு, தூக்கமே இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற நிலையில் இருப்பவருக்கு மருந்து மலை அல்ல, டாக்டர். மலைக்கு அப்புறம் போகலாம்.

உடம்புக்கு?

ஜிம்முக்குப் பதிலாகாது. ஆனால் சும்மா உட்காரவே முடியாத இடம் அது. தண்ணீருக்கு ஏற்றம், கழிப்பறைக்கு இறக்கம், விறகுக்கு இன்னொரு ஏற்றம். சமதளத்தில் நடந்து பழகிய காலுக்கு இறக்கம்தான் வேலை வைக்கும், ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முட்டி பேசும். ஒரு கம்பு வெட்டி வைத்துக்கொண்டால் நல்லது, வெள்ளியங்கிரி போகிறவர்கள் மூங்கில் தடி இல்லாமல் கிளம்ப மாட்டார்கள்.

பசி பிரமாதமாக எடுக்கும். சமைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம்: அந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 93 டிகிரி சுமாருக்கே கொதித்துவிடும், அதனால் திறந்த பாத்திரத்தில் சோறும் பருப்பும் வேக நேரம் பிடிக்கும். முதல் தடவை முக்கால் மணி நேரம் பருப்பைக் கிளறிக்கொண்டே நின்றேன். இப்போது மூன்று லிட்டர் குக்கர் இல்லாமல் நான் மலை ஏறுவதில்லை.

போன் சிக்னல் கிடைக்காதாமே?

கிடைக்காத இடமாகப் பார்த்துப் போவது உத்தமம். வீட்டில் ஒருவரிடம் எங்கே தங்குகிறோம், எப்போது திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். எந்த மேட்டில் ஏறினால் ஒரு கோடு சிக்னல் வரும் என்று தோட்டக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி போன் காரிலேயே கிடக்கட்டும்.

பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா? போரடிக்காதா?

முதல் இரண்டு மணி நேரம் கட்டாயம் போரடிக்கும். அப்போது போனைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் எல்லாம் போச்சு. கொஞ்சம் பொறுத்தால் அதுகளாகவே கல்லைப் புரட்டிக்கொண்டு, பாசியைக் கிள்ளிக்கொண்டு கிளம்பிவிடும். டார்ச் பிடிக்கும் வேலை, டென்ட் ஆணி அடிக்கும் வேலை இதையெல்லாம் அவர்களிடமே விட்டுவிடுங்கள், கோணலாக அடித்தாலும் பரவாயில்லை.

தை மாதம் ஒரு தடவை வானம் துடைத்து வைத்தது மாதிரி இருந்தது. உச்சியில் கொத்தாக மினுக்குவதுதான் கார்த்திகை, பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒற்றையாக இருப்பது ரோகிணி, கொஞ்சம் கீழே செக்கச்செவேல் என்று திருவாதிரை என்று மகளுக்குக் காட்டினேன். "ஆச்சியோட நட்சத்திரம் ரோகிணிதானே, அது நிஜமாவே இருக்கா?" என்று கேட்டாள். அவளுக்கு அதுவரை ரோகிணி என்பது அர்ச்சனைச் சீட்டில் எழுதுகிற ஒரு பெயர். ஊருக்கு வந்ததும் மாமியாரை மொட்டை மாடிக்கு இழுத்துப் போனாள், மதுரை வெளிச்சத்தில் கார்த்திகைகூடச் சரியாகத் தெரியவில்லை.

பெண்கள் மட்டும் போகலாமா?

போயிருக்கிறோம், நான்கு பேராக. முதலில் கேட்க வேண்டியது கழிப்பறை எங்கே, தாழ்ப்பாள் இருக்கிறதா, ராத்திரி அங்கே போக எவ்வளவு தூரம். அடுத்து, தோட்டக்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்கிறாரா என்பது. மாதவிடாய் நாளாக இருந்தால் ஒரு மூடிபோட்ட டப்பா கொண்டுபோய் எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள், அங்கே புதைத்தால் நாய் தோண்டிவிடும். குடித்துவிட்டுப் பாட்டுப்போடும் கூட்டம் பக்கத்தில் வருகிறது என்றால் வேறு இடம் பாருங்கள். வேண்டாம், சமாளிப்போம் என்று இருந்து ஒரு ராத்திரியைத் தொலைத்த அனுபவம் இருக்கிறது.

நினைத்த இடத்தில் டென்ட் அடிக்கலாமா?

கூடவே கூடாது. அனுமதியில்லாமல் காப்புக் காட்டுக்குள் கால் வைப்பதே குற்றம். வனத்துறை விதி என்றால் தொந்தரவு என்று நினைப்பவர்கள் 2018 மார்ச் 11ஆம் தேதியை நினைத்துக்கொள்ளுங்கள். தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடை போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள், அதில் பலர் இளம் பெண்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. காட்டுப் பாதையில் நடக்க ஆசையென்றால் வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் இருக்கிறது, 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கினார்கள், வழிகாட்டியோடு அனுப்புவார்கள்.

டென்டுக்கு, பட்டா நிலம், தோட்டம், எஸ்டேட் இவைதான். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும், அதைக் கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

எந்த மாதம் நல்லது?

எனக்குப் பிடித்தது டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முதல் பாதி வரை. குளிரும், ஆனால் வானம் சுத்தமாக இருக்கும். அதற்கப்புறம் புல் காய்ந்து தீப் பருவம். மே மாதம் கூட்டம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை, மண்சரிவு வருகிற காலம், அப்போது போகாதீர்கள். ஆகஸ்டில் சாரலும் மூடுபனியும் அழகுதான், துணி காயாது.

குளிரைத் தாங்க முடியுமா?

மேலே போர்த்துவதை விடக் கீழே விரிப்பதுதான் முக்கியம். இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதல் தடவை வாடகைக்கு டென்ட் எடுத்த இடத்தில் அப்பளம் மாதிரி ஒரு ஷீட் கொடுத்தார்கள், மேலே இரண்டு கம்பளி. ராத்திரி இரண்டு மணிக்குத் தரையிலிருந்து குளிர் முதுகெலும்பு வழியாக ஏறியது. மூன்று பேரும் காருக்குள் போய் உட்கார்ந்து விடிய விடிய ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம், என் வீட்டுக்காரர் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. தடிமனான ஃபோம் பாய் இரண்டு அடுக்கு போட்ட நாளிலிருந்து பிரச்சினை இல்லை.

பகலில் போட்ட துணியோடு படுக்காதீர்கள், வேர்வை ஈரம் ராத்திரி பழிவாங்கும். காய்ந்த சாக்ஸ், மங்கி குல்லா, எவர்சில்வர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றிக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தின் அடியில் டென்ட் அடிக்காதீர்கள், குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரி வழிந்து வந்து அங்கேதான் தேங்கும். சாராயம் சூடு தரும் என்பது பொய், தோலுக்கு ரத்தம் ஓடிச் சூடு மாதிரி தெரியும், உள்ளே உடம்பு இன்னும் சீக்கிரம் குளிர்ந்துபோகும்.

மிக முக்கியம்: கரி அடுப்பு, கேஸ் ஸ்டவ் எதையும் டென்டுக்குள் கொண்டுபோகவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆள் போய்விடும்.

யானை, காட்டுமாடு, பாம்பு, அட்டை?

2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் ஒரு ரிசார்ட் டென்டில் தங்கியிருந்த பெண்ணை யானை மிதித்துக் கொன்றது. அதனால் "யானை வருமா" என்று இடத்துக்காரரிடம் மட்டும் கேட்காதீர்கள், ஊர் டீக்கடையில் கேளுங்கள். கொடைக்கானல் பக்கம் காட்டுமாடு சாதாரணமாக நடமாடும், சாதுவாக இருக்கிறதே என்று செல்ஃபிக்குக் கிட்டே போகாதீர்கள். சாப்பாட்டை டென்டுக்குள் வைக்காதீர்கள், செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள். அட்டை மழைக்காலத் தொல்லை, உப்பு போட்டால் விழுந்துவிடும், அதற்குப் போய் ஊரைக் கூட்ட வேண்டாம்.

யார் போகக் கூடாது?

இதய நோய், கட்டுப்படாத ஆஸ்துமா, நிறைமாதம், சமீபத்தில் ஆபரேஷன் செய்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் போக வேண்டாம். பக்கத்தில் ஆஸ்பத்திரி கிடையாது, மேல்மலையிலிருந்து கொடைக்கானல் வருவதற்கே நேரம் பிடிக்கும். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் தலைவலி, குமட்டல் என்று வருகிற உயர நோய் பொதுவாக 2500 மீட்டருக்கு மேல்தான் வரும், நம் மலைகளில் தொட்டபெட்டா 2637 மீட்டர், அங்கே யாரும் தங்கப்போவதில்லை. இமயமலைக்குப் போகிறவர்கள் அதைத் தனியாகப் படித்துக்கொள்ளுங்கள், அது வேறு விளையாட்டு.

ஊருக்கு வந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடாதா?

ஆகிவிடும். எனக்குப் புதன்கிழமை தாண்டாது. மறுபடி பன்னிரண்டு மணித் தூக்கம், மறுபடி போன். இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் எடுத்து 2019இல் வெளியான கணக்கு ஒன்று, வாரத்துக்கு மொத்தம் 120 நிமிடமாவது பூங்கா, காடு, கடற்கரை என்று இருந்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநிலையும் நன்றாக இருப்பதாகச் சொன்னது கூடுதல் என்கிறது. நலமாக இருப்பவர்கள்தான் வெளியே போகிறார்களோ என்றும் கேட்கலாம். எப்படியோ, நாங்கள் ஞாயிறு காலை அழகர்கோயில் பக்கம் போய் இரண்டு மணி நேரம் சும்மா நடந்துவிட்டு வருகிறோம். அது மேல்மலை ஆகாது, புதன்கிழமையை வெள்ளிக்கிழமை வரை இழுக்கிறது.

திரும்பி வந்ததும் டென்டை என்ன செய்ய வேண்டும்?

அன்றைக்கே பிரித்துக் காயப்போடுங்கள், எவ்வளவு அசதியாக இருந்தாலும். ஈரத்தோடு மடித்து வைத்தால் பத்து நாளில் பூஞ்சை பிடித்து நாற்றம் எடுக்கும், என் முதல் டென்ட் அப்படித்தான் குப்பைக்குப் போனது. மொட்டை மாடிக் கொடியில் நிழலாகத் தொங்கவிடுங்கள், வெயிலில் வேண்டாம், துணி நைந்துவிடும். கடைசியாகப் போய் வந்தபோது நான் காயப்போட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டேன், சாயங்காலம் எடுக்கப் போனால் மாமியார் அதை மாடியிலேயே விரித்து நிறுத்தச் சொல்லி, பேத்தியோடு உள்ளே உட்கார்ந்து முறுக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.